பத்தாயத்தின் கீழ்க்கதவு



எங்கள் அப்பாயி வீட்டுக் கூடத்து மூலையில் ஒரு பத்தாயம் இருந்தது. பலாப் பலகையில் செய்தது. அப்போது எனக்கு ஏழெட்டு வயது. என்னைப் போல இரண்டு மடங்கு உயரம் அது. அறுப்பு முடிந்து நெல் காய்ந்ததும் ஏணி வைத்து ஏறி, மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள். எடுப்பது மட்டும் அடியிலிருந்து. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கையளவுக்கு ஒரு கதவு. அந்தப் பலகையை மேலே இழுத்தால் நெல் சரசரவென்று மரக்காலில் இறங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே வேலையில்லாமல் இழுத்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மேலேயிருந்தே அள்ளினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "அடி நெல்லு இறங்கிக்கிட்டே இருந்தாத்தான்டா மேல உள்ளதுக்கு மூச்சு. இல்லாட்டி அந்து விழுந்துரும்" என்றார் அப்பாயி. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அந்து என்பது சேர்த்து வைத்த நெல்லை உள்ளேயிருந்து குடைகிற பூச்சி. வெளியே பார்த்தால் நெல் நெல்லாகத்தான் தெரியும். கையில் எடுத்து ஊதினால் பறந்துவிடும்.

இன்று வாசித்த லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஒரு பணக்காரருடைய களஞ்சியத்தைப் பற்றி ஆண்டவர் சொல்கிறார். அதற்கு வாசல் எத்தனை என்று நற்செய்தியில் இல்லை. ஆனாலும் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: அந்தக் களஞ்சியத்துக்குக் கீழ்க்கதவு இருந்திருக்காது.

கதை எங்கே தொடங்குகிறது என்று கவனித்தீர்களா? கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி என் சகோதரரிடம் சொல்லுங்கள் என்று இயேசுவிடம் கேட்கிறார். பாகப்பிரிவினை! ஒருவரையொருவர் மிதிக்கும் அளவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள் என்கிறார் லூக்கா. அவ்வளவு பேருக்கு நடுவே, வானகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவரிடம் இந்த மனிதருக்குக் கேட்கத் தோன்றியது தன் பங்கைப் பற்றித்தான். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை, பழகிவிட்டது. திருப்பலி முடிந்து திருவுடையைக் கழற்றுவதற்குள் "சாமி, அந்த வரப்பு விசயம்..." என்று சக்றிஸ்து வாசலில் வந்து நிற்பவர்கள் நம் பங்கிலும் உண்டு. அவர்களுக்கெல்லாம் இனி இன்றைய நற்செய்தியைக் காட்டலாம். அந்த வழக்கைத் தீர்த்துவைக்க ஆண்டவரே மறுத்துவிட்டார், நான் எந்த மூலை?

பங்கு என்ற சொல்லையே பாருங்கள். சொத்தில் எனக்கு வரவேண்டியதையும் பங்கு என்கிறோம். நாம் கூடி வாழும் இந்தத் திருச்சபைக் குடும்பத்துக்கும் பங்கு என்றே பெயர் வைத்திருக்கிறோம். ஒரே சொல் பிரிக்கவும் செய்கிறது, சேர்க்கவும் செய்கிறது. நாம் எதற்காக அந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துகிறோம்?

வழக்கைத் தீர்க்காத ஆண்டவர் அந்த மனிதரை விரட்டவும் இல்லை. உட்கார வைத்துக் கதை சொல்கிறார். ஒருவருடைய நிலம் நன்றாக விளைந்தது. அவர் திருடவில்லை, யாரையும் ஏமாற்றினார் என்றும் சொல்லப்படவில்லை. மழை பெய்தது, நிலம் கொடுத்தது. நமக்கும் சில சம்பா அப்படி வந்திருக்கிறது. ஆளுக்கும் இடமில்லாமல் வீட்டுக்குள் மூட்டை அடுக்கிய வருடங்கள் உண்டு. ஆகவே விளைச்சலைக் குற்றம் சொல்லி இந்த உவமையைத் தொடங்காதீர்கள். விளைச்சல் கடவுளின் ஆசி.

பிறகுதான் நெருடுகிறது. அந்த மனிதர் பேசுகிறார், ஆனால் எதிரில் ஆளே இல்லை. தனக்குள்ளேயே கேள்வி கேட்கிறார், தானே பதில் சொல்கிறார். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள், நான் இடிப்பேன், நான் கட்டுவேன். மனைவியிடம் ஒரு வார்த்தை கிடையாது. அறுத்துக் கொடுத்தவர்களிடமும் கிடையாது. விளைய வைத்தவரிடம் சொல்லவே வேண்டாம். கடைசியில் தன் உள்ளத்தையே ஒரு நண்பனைப் போலக் கூப்பிட்டு உட்கார வைத்து, உண்டு குடித்து மகிழ்ந்திரு என்கிறார். விருந்துக்கு அழைக்கத் தன்னைத் தவிர ஒருவரும் இல்லாத வீடு. ஏழையின் வீட்டில்கூட அவ்வளவு வறுமையை நான் பார்த்ததில்லை.

பேராசை என்றதும் தங்கத்தை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கிழவரைக் கற்பனை செய்துகொள்கிறோம், நாம் அப்படி இல்லை என்று நிம்மதியடைகிறோம். எனக்கென்னவோ, நல்லது நடக்கும்போது நன்றி சொல்ல ஆள் இல்லாமல் போவதில்தான் பேராசை முளைக்கிறது என்று படுகிறது. நன்றி சொல்ல இரண்டு பேர் வேண்டும். எண்ணிப் பார்க்க ஒருவர் போதும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு நல்லது நடந்ததே, கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது, மகளுக்கு வேலை கிடைத்தது, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பினான், அப்போது முதலில் யாரிடம் சொன்னீர்கள்? சொல்லும்போது மனதில் நன்றி இருந்ததா, அல்லது அடுத்து வாங்கவேண்டியதன் பட்டியல் ஓடியதா? நானும் இதே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் ஒருவர் கோயில் வர்ணத்துக்கென்று ஒரு தொகை கொண்டுவந்து கொடுத்தார். அவர் படி இறங்குவதற்குள் என் மனது கொடிமரத்துக்கும் ஒருவர் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று போய்விட்டது. அவருக்குச் சரியாக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. பங்குத்தந்தை இல்லத்திலும் அந்து விழும், சகோதரர்களே.

அந்த மனிதரின் தனிமையை ஒரே ஒரு குரல்தான் உடைக்கிறது. இன்று இரவே உன் உயிர் கேட்கப்படும் என்கிறார் கடவுள். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல், கொடுத்த கடனைத் திரும்பக் கேட்பதைக் குறிக்கும். நமக்கு இது நன்றாகப் புரியும். அடகுக் கடையில் நகையை வைத்தவருக்கும், குழுக் கடனுக்குத் தவணை கட்டுகிறவருக்கும் கேட்டு வருவதென்றால் என்னவென்று தெரியும். என் என் என்று சொன்னாரே, அதில் ஒன்றை மட்டும் அவர் எண்ண மறந்துவிட்டார். உயிரே கைமாற்றாக வந்ததுதான்.

இன்றைய முதல் வாசகத்தில் சபை உரையாளரும் இரவைப் பற்றிப் பேசுகிறார். பகலெல்லாம் பாடுபட்டவனுக்கு இரவிலும் மனம் அடங்குவதில்லை என்பது அவருடைய கவலை. கட்டிலில் படுத்தபின் கணக்குப் போடுகிறவர்கள் இங்கே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது பாவத்தைவிடத் தூக்கமின்மையைத்தான் நீங்கள் அதிகம் சொல்கிறீர்கள்.

இரவு என்றால் இந்த ஊருக்கு ஒரு இரவுதான் ஞாபகம் வரும். 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. அப்போது நான் இந்தப் பங்குக்கு வரவில்லை. நீங்கள் சொல்லித்தான் தெரியும். நட்டு ஆறேழு வருடம் காத்திருந்தால்தான் நெட்டை மரம் காய்க்கும். பிள்ளையைப் போல வளர்த்தது, தண்ணீரில்லாத கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது, ஒரே இரவில் வேரோடு. அந்தப் புயலைக் கடவுள் தண்டனையாக அனுப்பினார் என்று சொன்ன போதகர்கள் இருந்தார்களாம். நான் அப்படி ஒருநாளும் சொல்ல மாட்டேன். விழுந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதவர்களோடு ஆண்டவரும் உட்கார்ந்திருந்தார் என்றே நம்புகிறேன்.

ஆனால் அந்தக் காலை நடந்ததாக நீங்கள் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. ஓடு பறந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் ஒண்டியிருந்தீர்கள். மூட்டை அரிசியெல்லாம் நனைந்து கிடக்கிறது. முற்றத்தில் உலை வைத்தாயிற்று, போட அரிசி இல்லை. அப்போது ஒரு அம்மா தலையில் ஒரு எவர்சில்வர் தூக்கோடு வந்தார். தினமும் சோறு வடிக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு, அந்தோனியார் திருவிழாச் சமபந்திக்கென்று சேர்த்துவந்த பிடி அரிசி. மூடி இறுக்கமாக இருந்ததால் நனையவில்லை. முதல் கஞ்சி அதில்தான் காய்ந்தது. அந்த அம்மா இப்போதும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்ல மாட்டேன்.

அன்று அந்தக் கஞ்சியைக் குடித்த ஒரு விவசாயி என்னிடம் சொன்னார்: "சாமி, பதினோரு வருசம் எங்க அண்ணன்கூடப் பேச்சு கெடையாது. அன்னைக்கு அவரு குடிச்ச டம்ளரக் கழுவாமயே வாங்கிக் குடிச்சேன்." இதற்குமேல் நான் விளக்கம் சொல்லக் கூடாது. ஆனால் முழுக்கதையையும் சொல்லிவிட வேண்டும். நிவாரணக் கணக்கெடுப்பில் தோப்பு யார் பேரில் என்ற கேள்வி வந்ததும் இருவருக்கும் மறுபடி பேச்சு நின்றுவிட்டது. அதையும் அவரேதான், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இழந்தபோது ஒன்றாக இருந்தவர்களைக் கிடைத்தது பிரித்துவிட்டது.

அன்புக்குரியவர்களே, இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். போதும் என்ற மனதைப் பற்றி மேடையில் பேசும்போது, கூலிக்குப் போகிறவர்களின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நடவுக்கும் களைக்கும் நியாயமான கூலி கேட்பது பேராசை ஆகாது. பிடித்துவைத்த கூலி கடவுளின் காதுவரை கூக்குரலிடும் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். இந்த வருடம் வங்காளத்திலிருந்து நடவுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நம் மொழி தெரியாது. அவர்கள் சார்பாக நான் கேட்கிறேன்: பேசிய கூலியைப் பேசிய அன்றே கொடுங்கள். போதும் என்று சொல்லிப் பழகவேண்டியவர் பத்தாயம் வைத்திருப்பவர்.

இந்த உவமையைப் பசியோடு இருந்த மக்களுக்கு முன்னால் விளக்கியவர் ஒருவர் உண்டு, புனித பெரிய பசிலியார். 368, 369 வாக்கில் கப்பதோக்கியாவில் கொடும் பஞ்சம். கடலை ஒட்டிய ஊர்களுக்கு வெளியிலிருந்து தானியம் வரும். உள்நாட்டில் இருந்த செசரியாவுக்கு அதுவும் வராது. வைத்திருந்தவர்கள் விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். பசிலியார் அப்போது ஆயர்கூட இல்லை, ஒரு குரு. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறேன் என்ற அந்தப் பணக்காரரின் பேச்சையே எடுத்துக்கொண்டு மறையுரை ஆற்றினார். களஞ்சியம் வேண்டுமென்றால் ஏழைகளின் வயிறு இருக்கிறதே என்பது அவர் கேட்டதன் சாரம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பூட்டியவர்களைத் திறக்க வைத்தார், பசித்தவர்களை ஓரிடத்தில் கூட்டினார், அண்டாக்களில் காய்ச்சித் தாமே நின்று பரிமாறினார் என்று அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர்க் கஞ்சி அண்டாவுக்கு 1600 ஆண்டுக்கு மேற்பட்ட வம்சாவளி இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

"சாமி, எனக்கு இயல்பிலேயே போதும் என்ற மனது இல்லை" என்று சிலர் வருந்துகிறார்கள். யாருக்குத்தான் இருக்கிறது? திருத்தூதர் பவுல் பிலிப்பி நகர மக்களுக்கு எழுதும்போது, எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கற்றுக்கொண்டார், பிறவியிலேயே கொண்டுவரவில்லை. அதை எழுதும்போது அவர் சிறையில் இருந்தார். எழுதிய சந்தர்ப்பமோ, எப்பப்பிரோதித்து வழியாக அந்த மக்கள் அனுப்பிய உதவி வந்து சேர்ந்த நேரம். அதாவது, ஒரு நன்றிக் கடிதம் எழுதும்போதுதான் பவுலுக்கு மனநிறைவைப் பற்றிப் பேச வருகிறது. ஆகவே நீங்களும் நானும் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். தப்பும் தவறுமாகக் கற்றாலும் ஆண்டவர் அடிக்கிற வாத்தியார் இல்லை.

அவருடைய இரக்கத்துக்குச் சக்கேயு சாட்சி. எரிகோவில் வரி பிரித்தே செழித்தவர், அவருடைய பத்தாயத்துக்கும் கீழ்க்கதவு இல்லை. மரத்தில் ஏறி நின்றவரை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கணக்கை முடித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. உன் வீட்டில் இன்று தங்கப்போகிறேன் என்றார். வீட்டுக்கு ஆள் வந்த சந்தோசத்தில்தான் சக்கேயுவின் கை திறந்தது. உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பறித்தது நான்கு மடங்காகத் திரும்ப. அவருடைய வரிக்கணக்கில் அது எவ்வளவு என்று யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வளவு காலம் தனியே எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. உங்கள் வீட்டு வாசலிலும் ஆண்டவர் கணக்குக் கேட்டு நிற்கவில்லை. சாப்பிட வந்திருக்கிறார்.

இன்னும் சற்று நேரத்தில் அப்பமும் இரசமும் இந்தப் பீடத்துக்கு வரும். நற்கருணை என்று நாம் சொல்வதற்குக் கிரேக்கத்தில் உள்ள பெயரின் பொருளே நன்றி செலுத்துதல்தான். அதை இயேசு ஏற்படுத்தியது எப்போது? அதுவும் ஓர் இரவில். உயிர் கேட்கப்பட்ட இரவில். முப்பது வெள்ளிக்காசுக்குத் தம்மைப் பேசி முடித்தவனும் அதே பந்தியில் உட்கார்ந்திருந்தான். அவரிடம் அன்று களஞ்சியம் எதுவும் இல்லை, கையில் அப்பம் இருந்தது. அதை எடுத்துத் தந்தைக்கு நன்றி சொன்னார், பிட்டார், கொடுத்தார். உவமையின் பணக்காரருக்கும் அப்படி ஓர் இரவு வந்தது. அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நாம் எந்த இரவுக்குள் போகப்போகிறோம் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். குரு கையை விரித்து ஆண்டவருக்கு நன்றி கூற அழைக்கும்போது, வழக்கமாகச் சொல்லும் பதிலை இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். இந்த வாரம் வந்த ஒரு நல்லதை மனதில் வைத்துச் சொல்லுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால், வராதபோதும் பக்கத்தில் இருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும், திருப்பலிக்கு வருவதற்காகக் காலை நான்கு மணிக்கே எழுந்து இட்லி ஊற்றி வைத்துவிட்டு வந்திருக்கும் அம்மாவிடமோ மனைவியிடமோ நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிரிக்கிறீர்கள். எத்தனை வருடம் ஆயிற்று சொல்லி?

இன்னொன்று. பிடி அரிசி எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் மெல்ல நின்றுபோய்விட்டது. குக்கரில் அளந்து போட ஆரம்பித்த பிறகு பிடி மறந்துவிட்டது. இன்றிலிருந்து அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே ஒரு பானை இருக்கும். தினமும் உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்து வையுங்கள். கோயிலுக்கு வரும்போது கொண்டுவந்து கொட்டுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். என்னிடம் கேட்க வேண்டாம், பேரேட்டில் எழுத வேண்டாம், அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். தேவைப்படுகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். பானைக்கு மூடி வாங்கவில்லை. எலி வரும் என்று உபதேசியார் கவலைப்படுகிறார். இருட்டுவதற்குள் பானை காலியாகிவிட்டால் எலிக்கு அங்கே என்ன வேலை? அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.